டால்படில்: டோலாவின் ஊர், பிடில் ஆற்றங்கரை

கேள்வி இதுதான்: தொழிற்சங்க வரலாற்றில் அடிக்கடி வரும் டால்படில் என்ற இங்கிலாந்துக் கிராமத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஆங்கிலத்தில் ‘டோல்’ என்றால் சுங்கம், ‘படில்’ என்றால் மழைநீர் தேங்கிய சிறு குட்டை. குட்டைக்கரையில் சுங்கம் வசூலித்த ஊரா? அப்புறம், விக்டோரியா மகாராணி காதில் விழக்கூடாது என்று பெயரைத் திருத்தினார்கள் என்றும் சொல்கிறார்களே, அது உண்மையா?

இரண்டுமே தவறு. பெயரின் முன்பாதி டோலா என்ற ஒரு விதவையின் பெயர். பின்பாதி பிடில் என்ற ஓர் ஆற்றின் பெயர். நேரடியான பதில் இங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அந்த டோலா யார், அவர் கணவர் என்ன செய்தார் என்று பார்த்தால், இந்த ஊரை உலகறியச் செய்த 1834ஆம் ஆண்டு வழக்கோடு, அதாவது சங்கம் வைத்த ஆறு பண்ணைக் கூலிகள் மேல் நடந்த வழக்கோடு, ஒரு விசித்திரமான பொருத்தம் தட்டுப்படுகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஆறு. இங்கிலாந்தின் தெற்குக் கடலோரத்தில் உள்ள டார்செட் வட்டாரத்தில், ஆல்டன் பாங்க்ராஸ் என்ற ஊருக்கருகே சுண்ணாம்புக் குன்றுகளில் ஊற்றெடுத்து, தென்கிழக்காக ஓடி, வேரம் ஊரைத் தாண்டிப் பூல் துறைமுக விரிகுடாவில் கலக்கிறது பிடில். (நம் ஊரில் வயலினைச் சொல்லும் பிடிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் சொல், இது ‘பி’ எழுத்தில்.) சின்ன ஆறுதான். பழைய ஆங்கிலத்தில் ‘பிடெலெ’ என்றால் சதுப்பு நிலம், சேற்றுப் பாங்கான தாழ்நிலம் என்று பொருள். ஆற்றின் இரு கரையிலும் இன்றைக்கும் ஈரம் காயாத புல்வெளிகள் இருப்பதைப் பார்த்தால் பொருள் பொருந்துகிறது.

சங்கடம் என்னவென்றால், இன்றைய ஆங்கிலத்தில் ‘பிடில்’ என்பது சிறுபிள்ளைகள் ஒன்றுக்குப் போவதைச் சொல்லும் வார்த்தை. அதனால் ஆற்றின் பெயரைக் கேட்டாலே ஆங்கிலேயர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் சொல்லின் அந்தப் பொருள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்தில் தென்படுகிறது. ஆற்றின் பெயரோ ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. பெயர் வைத்தவர்கள் மனதில் எந்தக் குறும்பும் இல்லை.

இந்த ஆற்றங்கரையில் மேலிருந்து கீழே வந்தால் ஊர்ப் பெயர்கள் ஒரே குடும்பமாகத் தெரியும்: பிடில்ட்ரென்ட்ஹைட், பிடில்ஹின்டன், படில்டவுன், டால்படில், ஆஃப்படில், பிரையன்ட்ஸ்படில், டர்னர்ஸ் படில். டால்படிலைத் தனியாக வைத்து யோசித்தால் சுங்கம், குட்டை என்று எங்கேயாவது போய் முட்டிக்கொள்வோம். வரிசையாக வைத்தால் பூட்டு தானே திறக்கும்.

1066இல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், 1085 கடைசியில் நாடு முழுக்க நிலக்கணக்கு எடுக்கச் சொன்னார்; 1086இல் எடுத்தார்கள். எந்த நிலம் யாரிடம் இருக்கிறது, எத்தனை ஏர், எத்தனை மாவு ஆலை, எவ்வளவு புல்வெளி, என்ன வரி என்று எழுதிய அந்த ஏட்டுக்கு டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதில் டார்செட் பகுதியைப் புரட்டினால் இந்த ஆற்றங்கரை நிலங்கள் பலவற்றுக்கு எழுத்தர் ஒரே பெயரைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்: பிடெலெ. டால்படிலும் பிடெலெதான், பிரையன்ட்ஸ்படிலும் பிடெலெதான், டர்னர்ஸ் படிலும் பிடெலெதான். ஆற்றின் பெயரே நிலத்தின் பெயர். உள்ளூர்க்காரர்களுக்கு எந்தப் பிடெலெ என்று தெரியும். வெளியிலிருந்து வந்த வரிக்கணக்கருக்குத் தெரியாது. அவருக்கு ஓர் அடையாளம் வேண்டும். ‘யாருடைய பிடெலெ?’ என்ற கேள்விக்கு வந்த பதில்தான் காலப்போக்கில் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஆஃப்படில் என்றால் ஆஃபா என்பவரின் பிடெலெ. ஆல்ஃப்ரித் என்பவர் 987இல் அந்த நிலத்தைச் செர்ன் மடத்துக்கு எழுதிவைத்தார். ஆஃபா அவருடைய பெயரின் சுருக்கமாகவே இருக்கலாம். பிரையன்ட்ஸ்படில் 14ஆம் நூற்றாண்டில் அதை வைத்திருந்த பிரையன் டி டர்பர்வில் பெயரால் வந்தது. டர்னர்ஸ் படிலில் டர்னர் என்று யாரும் இல்லை. டோனர் என்ற நார்மன் குடும்பம் 1086 முதலே அங்கே நிலம் வைத்திருந்தது. டோனர் என்ற பெயருக்குப் பிரெஞ்சில் இடி என்று பொருள். இடிக்காரர் நாளடைவில் ஆங்கில வாயில் டர்னர் ஆகிவிட்டார். பிடில்ஹின்டன் ஒரு துறவியர் குழுவுக்குச் சொந்தமான பண்ணை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பிடில்ட்ரென்ட்ஹைட். பெயர் பயமுறுத்துகிறது, பொருள் வெறும் வரிக்கணக்கு. ஹைட் என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் என்று வைத்த பழைய அளவு; வரி அதன்படிதான் விதிப்பார்கள். ‘ட்ரெண்ட்’ என்பது பிரெஞ்சில் முப்பது. முப்பது ஹைட் வரி மதிப்புள்ள பிடெலெ. நம்மூரில் ஒரு கிராமத்துக்குப் பட்டாவில் உள்ள பரப்பளவையே பெயராக வைத்த மாதிரி. ஆறும் அளவும் ஆங்கிலம், எண் மட்டும் பிரெஞ்சு. ஜெயித்தவர்களின் மொழியில் தோற்றவர்களின் நிலத்தை எண்ணியிருக்கிறார்கள் என்பதை ஒரே சொல் காட்டிவிடுகிறது.

சரி, டால்படிலுக்கு வருவோம். 1086இல் வெறும் பிடெலெ. 1210இல் எழுதிய ஆவணத்தில் ‘டோல்லெபிடெலெ’. அதாவது டோலாவின் பிடெலெ. ஊர்ப் பெயர் ஆராய்ச்சியில் முதல் விதி இதுதான்: இன்றைய எழுத்தைப் பார்த்துப் பொருள் சொல்லாதே, கிடைப்பதிலேயே பழைய எழுத்தைத் தேடு. ‘டோல்லெ’ என்று எழுதியிருப்பதில் அந்தக் கடைசி ‘எ’ ஓசைதான் துப்பு. சுங்கம் என்ற சொல்லாக இருந்தால் அதற்கு அங்கே வேலையில்லை. ஒரு பெண் பெயரின் கடைசி உயிரோசை தேய்ந்து நிற்கிறது. அந்தப் பெண் யாரென்று தேடினால் ஆவணத்திலேயே கிடைக்கிறார். ஊர்ப் பெயர் ஆராய்ச்சியில் இப்படி ஆளே அகப்படுவது அபூர்வம்.

டோலா என்பது ஆங்கிலப் பெயரல்ல, வட ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவியப் பெயர். 1016 முதல் 1035 வரை இங்கிலாந்தை ஆண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த கனூட் மன்னர். அவருடைய மெய்க்காவல் படையில் இருந்த ஊர்க் என்பவரின் மனைவி டோலா. ஊர்க்குக்கு 1024இல் கனூட் மன்னர் டார்செட்டில் போர்ட்ஷம் என்ற இடத்தில் நிலம் கொடுத்த பட்டயம் இருக்கிறது. பின்னால் எட்வர்ட் மன்னர் கொடுத்த ஓர் ஆணையும் இருக்கிறது: ஊர்க்கின் நிலத்துக்கு எதிரே உள்ள கடற்கரை அவருக்கே உரியது, அங்கே எது ஒதுங்கினாலும் அவருக்கே. உடைந்த கப்பல் ஒதுங்கினால் மரமும் சரக்கும் அவர் பாடு. பெரிய ஆள்தான்.

ஊர்க் இறந்த பிறகு எட்வர்ட் மன்னர் இன்னோர் ஆணை போட்டார். பிஷப்புக்கும், ஹரால்டு பிரபுவுக்கும், டார்செட் நிர்வாகிக்கும் எழுதிய சிறிய ஓலை. சாரம் இவ்வளவுதான்: ஊர்க்கின் விதவை டோலா தன் நிலத்தையும் உடைமையையும் ஆபட்ஸ்பரியில் உள்ள புனித பீட்டர் மடத்துக்குத் தன் விருப்பப்படி எழுதிவைக்க என் முழு அனுமதி உண்டு. அந்த ஹரால்டு வேறு யாருமல்ல. 1066இல் மன்னராகி, அதே ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போரில் செத்தவர். இந்தக் கொடையில் போன நிலங்களில் ஒன்றுதான் ஆற்றங்கரையில் இருந்த ஒரு பிடெலெ. மடத்துக்குப் போன பிறகும் ஊர் வாயில் அது டோலாவின் பிடெலெயாகவே நின்றது. மடத்தின் பெயர் ஒட்டவில்லை. மடம் 1539இல் எட்டாம் ஹென்றி காலத்தில் கலைக்கப்பட்டது. டோலா பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இனி விக்டோரியா கதை. மகாராணி அந்தப் பக்கம் வருகிறார், ‘பிடில்’ என்ற சொல் அவர் கண்ணில் படக்கூடாது என்று எல்லாப் பலகைகளிலும் ‘படில்’ ஆக்கினார்கள் என்பது கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1834இல் நடந்த வழக்கே டால்படில் என்ற பெயரில்தான் நடந்தது. அப்போது விக்டோரியா 14 வயதுப் பெண். பட்டத்துக்கு வந்தது 1837இல்தான். ‘பிடில்’, ‘படில்’ இரண்டும் அந்த வட்டாரப் பேச்சில் ஒரே ஓசையின் இரண்டு சாயல்களாகப் புழங்கியவை. படில்டவுன் மட்டும் வெகு காலம் பிடில்டவுன் என்றும் எழுதப்பட்டது. எந்த எழுத்து என்பது 1950களில்தான் அதிகாரபூர்வமாக முடிவானது. அந்தச் சமீபத்திய மாற்றத்தைத்தான் விக்டோரியா தலையில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. நாசூக்குக்காகத்தான் மாற்றினார்கள் என்றால் பிடில்ஹின்டனையும் பிடில்ட்ரென்ட்ஹைடையும் ஏன் விட்டுவைத்தார்கள்? அவை இன்றும் அதே பெயரோடுதான் நிற்கின்றன.

இப்போது அந்தப் பொருத்தத்துக்கு வருகிறேன்.

ஊர்க் வெறும் படைவீரரும் நிலக்காரரும் மட்டுமல்ல. ஆபட்ஸ்பரியில் அவர் ஒரு சங்கம் அமைத்தார். கூடுவதற்கு ஒரு கட்டடத்தையும் இடத்தையும் கொடுத்தார். அந்தச் சங்கத்தின் விதிகள் 11ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே நமக்குக் கிடைத்திருக்கின்றன. படித்தால் மனிதர்கள் பேசுவது காதில் விழுகிற மாதிரி இருக்கும். திருநாளுக்கு முந்தின நாள் இரண்டு பேருக்கு ஒரு ரொட்டி, நன்றாகச் சலித்த மாவில் சுட்டது, தர்மத்துக்குக் கொண்டுவர வேண்டும். பீர் காய்ச்சப் பொறுப்பேற்றவர் ஒழுங்காகக் காய்ச்சாவிட்டால் சேர்க்கைக் கட்டணம் அளவுக்கு அபராதம். சங்கத்துக்குள் இன்னோர் உறுப்பினரை வேண்டுமென்றே திட்டினாலும் அபராதம். உறுப்பினர் ஒருவர் இறந்தால் ஒவ்வொருவரும் பிணத்தருகே ஒரு பென்னி வைக்க வேண்டும். உறுப்பினர் யாராவது 60 மைலுக்குள் நோயில் விழுந்தால் 15 பேர் போய் அழைத்துவர வேண்டும். இறந்துவிட்டால் 30 பேர் போய், அவர் உயிரோடிருந்தபோது எங்கே அடக்கமாக விரும்பினாரோ அங்கே கொண்டுசேர்க்க வேண்டும்.

எட்டு நூற்றாண்டு கழித்து, ஊர்க்கின் மனைவி பெயரைத் தாங்கிய ஊரில் இன்னொரு சங்கம் தொடங்கியது. 1833இல் டால்படில் பண்ணைக் கூலிகளுக்கு வாரக்கூலி 9 ஷில்லிங்கிலிருந்து எட்டாகி, எட்டு ஏழாகியிருந்தது. அடுத்து ஆறு என்ற பேச்சு. ஜார்ஜ் லவ்லெஸ் என்ற கூலியாள், மெதடிஸ்ட் சபையில் பிரசங்கமும் செய்பவர், விவசாயத் தொழிலாளர் நட்புச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். சேரும்போது ஒரு ஷில்லிங், அப்புறம் வாரம் ஒரு பென்னி. கூட்ட நேரத்தில் ஆபாசப் பாட்டுப் பாடக்கூடாது என்று விதி. கூட்டம் நடந்தது தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டு வீட்டு மாடியறையில். புதிதாகச் சேருபவர் கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துவந்து, ஒரு எலும்புக்கூட்டுப் படத்தின் முன் நிறுத்தி, ரகசியம் காப்பேன் என்று சத்தியம் வாங்குவார்கள்.

அந்தச் சத்தியத்தில்தான் மாட்டினார்கள். தொழிலாளர் கூட்டுச் சேர்வதைத் தடுத்த சட்டங்கள் 1824இலேயே நீக்கப்பட்டுவிட்டன. சங்கம் வைத்ததற்காக யாரையும் பிடிக்க முடியாது. அந்தப் பகுதிப் பெரிய நிலக்கிழாரும் மாஜிஸ்திரேட்டுமான ஜேம்ஸ் ஃப்ராம்ப்டன், உள்துறை அமைச்சர் மெல்பர்ன் பிரபுவுக்கு எழுதி யோசனை கேட்டார். தோண்டி எடுத்தது 1797ஆம் ஆண்டுச் சட்டம். கடற்படையில் மாலுமிகள் கலகம் செய்த ஆண்டில், சட்டவிரோதச் சத்தியம் வாங்குவதைத் தடுக்கக் கொண்டுவந்தது. கப்பல் கலகத்துக்கான சட்டத்தைக் களத்துமேட்டுக்கு இழுத்துவந்தார்கள்.

1834 பிப்ரவரி 24 காலையில் ஆறு பேர் கைது. ஜார்ஜ் லவ்லெஸ், அவர் தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், மைத்துனர் தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டு, அவர் மகன் ஜான், ஜேம்ஸ் ஹாமெட், ஜேம்ஸ் பிரைன். போலீஸ்காரரோடு டார்செஸ்டர் வரை நடந்தே போனார்கள். மார்ச்சில் தீர்ப்பு: ஏழாண்டு நாடு கடத்தல். அந்தக் காலத்தில் அப்படியென்றால் கைதிக் கப்பலில் ஆஸ்திரேலியா. ஜார்ஜ் லவ்லெஸ் டாஸ்மேனியா தீவுக்கும் மற்ற ஐவர் நியூ சவுத் வேல்ஸுக்கும் போனார்கள். ஹாமெட்டைப் பற்றி ஒரு செய்தி உண்டு. சாட்சிகள் குறிப்பிட்ட கூட்டத்தில் இருந்தவர் அவரல்ல, அவர் சகோதரர் ஜான் என்றும், ஜானின் மனைவி பிள்ளைப்பேறு நெருங்கிய நிலையில் இருந்ததால் ஜேம்ஸ் ஹாமெட் வாய் திறக்காமல் ஜானின் இடத்தில் நின்றார் என்றும்.

அரசாங்கம் எதிர்பாராதது எதிர்ப்பு. ஏப்ரல் 21 அன்று லண்டன் கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் பெருங்கூட்டம் கூடி, மெல்பர்னிடம் கொடுக்க மனுவோடு ஊர்வலமாகப் போனது. 2 லட்சம் கையெழுத்துக்கு மேல். மெல்பர்ன் மனுவை வாங்க மறுத்தார். ஆனாலும் அழுத்தம் ஓயவில்லை. 1836இல் முழு மன்னிப்பு வந்தது. மன்னிப்புச் செய்தி போய்ச் சேர்ந்து, ஆள் திரும்பி வந்து சேர 1837 முதல் 1839 வரை ஆனது.

ஊர்க்கின் சங்கமும் லவ்லெஸின் சங்கமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. முன்னது வசதியானவர்கள் கூடிப் பீர் குடித்து, மடத்துக்குக் கொடுத்து, ஒருவர் சாவுக்கு இன்னொருவர் நின்றது. அதை அமைத்தவருக்கு மன்னரின் ஆதரவு இருந்தது. பின்னது கூலி குறையாமல் காக்கப் பண்ணையாட்கள் சேர்த்தது. அதற்குக் கிடைத்தது கைவிலங்கு. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்பதற்கும் சான்று கிடையாது. லவ்லெஸுக்கு ஊர்க்கைப் பற்றித் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. ஆனாலும் சேர்க்கைக் கட்டணம், ஒரு பென்னி, கூட்டத்தில் வாயடக்கம் என்று இரண்டின் விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, ஊர்ப் பெயரில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அவர் வீட்டு முற்றத்தில் முதல் சங்கத்தின் ரொட்டி வாசம் அடித்திருக்கும்.

திரும்பி வந்தவர்களில் ஐந்து பேர் கொஞ்ச காலம் எசெக்ஸில் பயிர்செய்துவிட்டு, கனடாவில் ஆண்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகர்ப் பக்கம் குடியேறினார்கள். டால்படிலுக்கே திரும்பி வந்து தங்கியவர் ஹாமெட் ஒருவர்தான். கட்டட வேலை செய்து பிழைத்தார். வயதான காலத்தில் கண் மங்கியது. குடும்பத்துக்குப் பாரமாக இருக்க வேண்டாமென்று டார்செஸ்டரில் உள்ள ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்ந்து 1891இல் அங்கேயே இறந்தார்.

இன்று ஊரில் சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். டார்செஸ்டரிலிருந்து கிழக்கே ஏழெட்டு மைல். ஊருக்குள் புகுந்து போன நெடுஞ்சாலையை 1999இல் வெளியே திருப்பிவிட்டார்கள், அதனால் அமைதி. தொழிலாளர்கள் கூடிப் பேசியதாகச் சொல்லும் சிக்கமோர் மரம் ஊர் நடுவே இன்னும் இருக்கிறது. 1680களில் முளைத்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். வழக்கின் நூற்றாண்டு வந்த 1934இல் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஆறு பேர் பெயரில் ஆறு வீடுகள் கட்டி, வயதான விவசாயத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு ஜூலையிலும் கொடிகளும் பாண்டு வாத்தியமுமாக ஊர்வலம் நடக்கிறது. அன்று மட்டும் அந்தச் சின்னத் தெரு தாங்காது.

ஊர்வலத்தின்போது புனித ஜான் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லில் மாலை வைப்பார்கள். ஹாமெட்டின் கல்லறைக் கல் அது. இறந்தபோது வைத்ததல்ல, 1934இல் எரிக் கில் என்ற சிற்பி செதுக்கியது. ஆங்கிலத்தில் சில வரிகள்தான்: ஜேம்ஸ் ஹாமெட், டால்படில் தியாகி, தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடி, சுதந்திரத்தின் காவலர், பிறப்பு 1811 டிசம்பர் 11, இறப்பு 1891 நவம்பர் 21.